தேதி விழும் கேமரா

ஜீவிதா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு காய்கறி மண்டியில் வேலை பார்க்கிறாள். அதில் பாதி வேலை போட்டோ எடுப்பதுதான். விடிந்ததும் வந்து இறங்குகிற தக்காளி, முருங்கை, கத்தரி, சுரைக்காய் எல்லாவற்றையும் செல்போனில் படமெடுத்துக் கோட்டயத்துக்கும் திருச்சூருக்கும் அனுப்ப வேண்டும். பெட்டியின் மேலே ஒன்று, அடியில் ஒன்று, காயைப் பிளந்து ஒன்று. அங்கே இருக்கிற வியாபாரி பார்த்துவிட்டுச் சரியென்று சொன்ன மாத்திரத்தில் அந்தப் படத்துக்கு ஆயுசு முடிந்தது. சாயங்காலம் எல்லாவற்றையும் ஒருசேர அழித்தால்தான் மறுநாளைக்குப் போனில் இடம் இருக்கும். ஆறு வருஷத்தில் லட்சம் படமாவது எடுத்திருப்பாள். ஒன்றுகூட அவளிடம் இல்லை.

அந்த அலுப்பில்தான் அவளுக்கு ஃபிலிம் கேமரா ஆசை வந்தது. ரோலுக்கு முப்பத்தாறு படம். எடுத்தால் எடுத்ததுதான், அழிக்க முடியாது. பெரிய கேமராவெல்லாம் வேண்டாம், கைப்பையில் போட்டுக்கொள்கிற அளவில், தானே ஃபோகஸ் செய்துகொள்கிற சின்னக் கேமரா போதும். புதிதாக யாரும் அதையெல்லாம் இப்போது செய்வதில்லை, பழையதுதான் வாங்க வேண்டும். பழையதில் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று மூன்று மாதம் வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தேர்ந்தாள். பேட்டரி போடும் இடத்தில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா, லென்ஸுக்குள்ளே பூஞ்சை வலை பின்னியிருக்கிறதா, ஃபிலிமை இழுக்கிற மோட்டார் சுற்றுகிறதா, எல்லாம் மனப்பாடம்.

திண்டுக்கல்லில் ஒருவர் விற்கிறார் என்று ஆன்லைனில் போட்டிருந்தது. 'பழைய கேமரா. நல்ல நிலையில் உள்ளது. நேரில் வரவும்.' அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்டி விடுமுறை நாளில், பஸ் ஏறிப் போனாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து வாட்ச் கடையில் புது பேட்டரி வாங்கிக்கொண்டாள். சோதனை பார்க்க ஒரு வீணான ஃபிலிம் ரோலும் பையில் இருந்தது.

மேட்டுப்பட்டியில் சின்ன மாடி வீடு. கதவைத் திறந்தவர் இருதயநாதன், எழுபது வயதைத் தொட்டவர். மகள் வீட்டோடு இருக்கத் திருச்சிக்குப் போய்விடுவதால் சாமான்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். கூடம் முழுக்கக் கட்டிவைத்த அட்டைப்பெட்டிகள்.

"வாம்மா, உக்காரு. புஷ்பம், ஒட்டன்சத்திரத்துல இருந்து புள்ள வந்துருச்சு பாரு," என்று உள்ளே குரல் கொடுத்தார்.

அவர் மனைவி புஷ்பமேரி காபியோடு வந்தார். கேமராவும் வந்தது. கறுப்பு உடம்பு, உள்ளங்கையில் அடங்கியது. மூடியை நகர்த்தினால் லென்ஸ் தெரிந்தது. ஜீவிதா செல்போன் டார்ச்சை அடித்து லென்ஸுக்குள் பார்த்தாள். சுத்தம். பேட்டரியைப் போட்டு வீணான ரோலை மாட்டி மூடினாள். 'சர்ர்ர்' என்று மோட்டார் ஃபிலிமை இழுத்து ஒன்று என்று எண் காட்டியது. சன்னல் கம்பியைப் பார்த்து ஒரு தரம், புஷ்பமேரியின் காபித் தம்ளரைப் பார்த்து ஒரு தரம் அழுத்தினாள். இரண்டு தரமும் உள்ளே ஒரு சின்ன அசைவு, பிறகு டிக்.

"பயங்கரமாப் பாக்குறியேம்மா. நான் வாங்குனப்பகூட இம்புட்டுப் பாக்கல," என்று சிரித்தார் இருதயநாதன்.

"பின்னாடி இது என்னங்க சார்? தேதிங்களா?"

"ஆமா. படத்தோட மூலையில தேதி விழும். ஃபிலிம்லயே விழுந்துரும், பின்னாடி யாரும் மாத்த முடியாது. ஆனா ஒண்ணு, ரெண்டாயிரத்துப் பத்தொம்பதோட அதுக்கு வருசம் முடிஞ்சுபோச்சு. கம்பெனிக்காரன் அதுக்கு மேல வைக்கல. தேதிய அணச்சு வச்சிட்டு எடுத்துக்க."

ஜீவிதாவுக்குக் கேமரா பிடித்துவிட்டது. சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்று வாயெடுத்தபோது புஷ்பமேரி இடைமறித்தார்.

"சொல்லிட்டுக் குடுங்க," என்றார் கணவரிடம்.

"என்னத்தச் சொல்ல?"

"அதுல என்னென்ன எடுத்தீகன்னு சொல்லிட்டுக் குடுங்க. சின்னப் புள்ள ஆசையா வாங்க வந்திருக்கு. பின்னாடி தெரிஞ்சா மனசு சங்கடப்படும்."

இருதயநாதன் கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார். அவர் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். விபத்தில் மாட்டிய வண்டிகளை, அவை கிடந்த இடத்திலேயே போய்ப் பார்த்து, படமெடுத்து, சேதம் எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கிற வேலை. தேதி விழ வேண்டும் என்பதற்காகவே வாங்கிய கேமரா. தொண்ணூற்றி நாலில் இருந்து பதினைந்து வருஷம், அதில் குடும்பப் படம் ஒன்றுகூட எடுத்ததில்லை.

"கொடைரோடு, வத்தலக்குண்டு, பழனி ரோடு, எங்க வண்டி கவுந்தாலும் இது என் பையில இருக்கும். ஆளுகள எடுத்ததில்லம்மா. நான் போறதுக்குள்ள ஆளுகளத் தூக்கிட்டுப் போயிருப்பாக. வண்டிய மட்டுந்தான். வேணாம்னா சொல்லிரு, ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

ஜீவிதா கேமராவைக் கீழே வைத்தாள். அவர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். புஷ்பமேரி, "பாத்தீகளா, புள்ள பயந்துருச்சு," என்றார்.

அவள் பயப்படவில்லை. அவளுடைய அப்பா மலைச்சாமி லாரி டிரைவராக இருந்தவர். அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது, தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு கோட்டயத்துக்குப் போன வண்டி, செம்பட்டி தாண்டி ஒரு புளியமரத்தில் மோதியது. கிளீனர் இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் அம்மாவின் தம்பி பழனிக்குமார். பத்தொன்பது வயது. அந்த இடத்திலேயே போய்விட்டார். அப்பாவுக்குத் தலையில் அடி. பதினைந்து நாள் கழித்துக் கண் விழித்தபோது, ஒட்டன்சத்திரத்தில் வண்டி எடுத்தது வரைக்கும்தான் ஞாபகம் இருந்தது. டிரைவர் தூங்கிவிட்டார் என்று வழக்கில் எழுதியிருந்தது. அப்பா கோர்ட்டில் ஒத்துக்கொண்டார். எல்லோரும் தூங்கிவிட்டாய் என்கிறார்கள், அப்படியென்றால் தூங்கித்தான் இருப்பேன் என்று அவரே நம்பினார். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஒரு தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சும் வேலைக்குப் போனவர் அங்கேயே இருந்துவிட்டார். அம்மாவின் பிறந்த வீடு தொப்பம்பட்டிப் பக்கம். அம்மாவின் அண்ணன் நாச்சிமுத்து, 'தங்கச்சி வரலாம், அந்த ஆளு என் வாசல மிதிக்கக் கூடாது' என்று சொன்னார். அம்மாவும் போவதை விட்டுவிட்டாள். இருபத்தொரு வருஷம் ஆகிறது.

"ஏனுங்க சார், ரெண்டாயிரத்து மூணுல செம்பட்டி கிட்ட ஒரு லாரிங்க," என்றாள் ஜீவிதா. "தக்காளி லோடு. புளியமரத்துல. நீங்க பாத்தீங்களா?"

இருதயநாதன் அவள் முகத்தைப் பார்த்தார். "யாரும்மா உனக்கு?"

"ஓட்டுனது எங்கப்பாங்க. போனது எங்க மாமாங்க."

அவருக்கு ஞாபகம் இல்லை. இருந்தால் சொல்லியிருப்பார். மாசத்துக்குப் பத்து வண்டி பார்த்தவர், தக்காளி லோடும் புளியமரமும் அவருக்கு ஒன்றிரண்டு அல்ல. ஆனால் நெகட்டிவ் எதையும் அவர் எறிந்ததில்லை. படங்கள் ரிப்போர்ட்டோடு கம்பெனிக்குப் போய்விடும், நெகட்டிவ் இவரிடம் நின்றுவிடும். கட்டிவைத்த பெட்டிகளில் ஒன்றைப் பிரித்தார். வருஷவாரியாகக் காகித உறைகள். திருச்சிக்குப் போகும் முன் எரித்துவிடலாம் என்று புஷ்பமேரி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த பெட்டி அது.

"தேதி தெரியுமா?"

"ஆகஸ்ட் இருவத்தேழுங்க." அந்தத் தேதியில் வருஷா வருஷம் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. தெரியாமல் எப்படி இருக்கும்?

சன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு துண்டாகப் பிடித்து மூலையில் இருந்த தேதியைப் படித்தார்கள். நாலாவது உறையில் கிடைத்தது. ஆறு படங்கள் கொண்ட துண்டு. நெகட்டிவ்வில் வெளுப்பு கறுப்பாகவும் கறுப்பு வெளுப்பாகவும் இருந்தது. நசுங்கிய லாரி முகம், மரம், ரோடு முழுக்கச் சிதறிய உருண்டைகள். ஜீவிதாவுக்கு அந்த லாரி முகத்தைப் பார்க்க முடியவில்லை. தாண்டி அடுத்த படத்துக்குப் போனாள். அது வண்டிக்குப் பின்னால் நின்று ரோட்டின் நீளத்துக்கு எடுத்தது. அதில் இரண்டு வெள்ளைக் கோடுகள், ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல, மரத்தை நோக்கி வளைந்து போயின.

"இதென்னங்க சார், வெள்ளையா?"

இருதயநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நெகட்டிவ்ல வெள்ளைன்னா ரோட்டுல கறுப்பும்மா. டயர் தேஞ்ச தடம். பிரேக் தடம்." துண்டை மேசைமேல் வைத்தார். "தூங்குறவன் பிரேக் புடிக்க மாட்டான் தாயி."

தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார்.

"அப்பவே தெரியுமுங்களா உங்களுக்கு?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்க நினைத்தாள். அழுகையாக வந்தது.

"தெரிஞ்சிருக்கும். தடம் இருந்தா அளந்து எழுதுறது வழக்கம். எம்புட்டு அடின்னு எழுதி அனுப்பியிருப்பேன். என்னையக் கேட்டது வண்டிக்கு என்ன சேதம்னு மட்டுந்தான். டிரைவரு என்ன ஆனாரு, அவரு மேல என்ன கேசு, நான் ஒரு வண்டிக்கும் கேட்டதில்லம்மா. பதினஞ்சு வருசத்துல ஒருத்தரக்கூட..." பாதியில் நிறுத்திவிட்டார். புஷ்பமேரி ஜீவிதாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தார்.

கேமராவுக்குக் காசு வேண்டாம் என்றார் இருதயநாதன். ஜீவிதா கேட்கவில்லை. சொன்ன விலையைக் கொடுத்தாள். ஏனென்று அவளுக்கே விளங்கவில்லை. இனாமாக வாங்கிக்கொண்டால் எதையோ தீர்த்துக்கொண்டதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது. நெகட்டிவ் துண்டை மட்டும் அவர் கொடுத்தபடி வாங்கிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவில் நெகட்டிவ்வைக் கொடுத்தபோது, கடைக்காரர் ஸ்கேனர் மேல் அடுக்கியிருந்த கல்யாண ஆல்பங்களை ஒவ்வொன்றாக இறக்கிவைத்தார். "கடைசியா இதத் தொட்டு நாலு வருசம் இருக்கும்," என்றார். அந்த ஒரு படத்தை மட்டும் பெரிதாகப் போட்டுக் கேட்டாள். அரைமணி நேரத்தில் கிடைத்தது. காலை வெயில், தார் ரோடு, சிவப்பு சிவப்பாகத் தக்காளி, கறுத்த இரண்டு கோடுகள். மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் யோசனை பிடித்துக்கொண்டது. அப்பாவிடம் காட்டுவதா? அவர் ஒரு பாரத்தைச் சுமந்து பழகிவிட்டார். வைகாசியில் தண்ணீர் குறைந்தால் எந்தத் தென்னைக்கு எத்தனை குடம் என்று யோசிப்பதும், ரேடியோ கேட்பதுமாக அவர் நாட்கள் போகின்றன. வயசு அறுபது. ஆறிய புண்ணைக் கீறுவானேன் என்று ஒரு மனம் சொன்னது. ஆறியதாக யார் சொன்னது என்று இன்னொரு மனம் கேட்டது. ஒட்டன்சத்திரத்தில் இறங்குவதற்குள் நாலு தரம் மனசை மாற்றிக்கொண்டாள். கடைசியில் அவளைத் தீர்மானிக்க வைத்தது ஒரே எண்ணம்தான்: இந்தப் படம் அவளுடையது அல்ல. அப்பாவுடையது. அவருக்குச் சொந்தமானதை அவள் ஒளித்துவைக்க முடியாது.

மறுநாள் சாயங்காலம் மண்டியில் இருந்து நேரே தோப்புக்குப் போனாள். மலைச்சாமி வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். மண்வெட்டியைச் சாய்த்துவைத்துவிட்டு, "என்ன கண்ணு, இங்கயே வந்துட்ட?" என்றார்.

கேமரா வாங்கப் போனதில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். பிரேக் தடம் என்ற இடம் வந்தபோது அவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டு நீட்டினார். படத்தை வாங்கி வெயில் இருக்கும் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் எதிர்பார்த்தது அழுகை. அவரோ டிரைவராகப் பார்த்தார். நகத்தால் கோட்டைத் தொட்டுத் தொட்டு மேலே போனார்.

"ரெண்டு கோடும் ஒரு பக்கத்துச் சக்கரந்தான். பின்சக்கரம் ரெண்டு ரெண்டா இருக்குமில்ல, அது. இடது பக்கம். வலது பக்கத்துத் தடமே இல்ல பாரு." விரலை மரத்துக்குக் கொண்டுபோனார். "வலது பக்கம் பிரேக்கு புடிக்கல. அதான் வண்டி இடதா இழுத்திருக்கு. அவன் உக்காந்திருந்த பக்கம்."

"அப்ப நீங்க தூங்கலீங்கப்பா."

அவர் வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்தார். மடையில் தண்ணீர் வழிந்து வேறு பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைக் கவனிக்கவில்லை.

"முழிச்சுட்டுத்தான் இருந்திருக்கேன்," என்றார். பிறகு, "என்னத்துக்குப் புடிச்சேன்னு தெரியலயே கண்ணு. மாடா, ஆளா... மரம் வர்றதப் பாத்திருப்பேன். அவன் என்னையப் பாத்து மாமான்னு கத்தியிருப்பான். தூங்கிட்டேன்னு இருந்தா அதெல்லாம் இல்லாமப் போயிருக்கும். அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன்."

கொண்டுவந்திருக்கக் கூடாதோ என்று ஜீவிதா நினைத்தாள். அவர் அதைப் புரிந்துகொண்டவர்போல அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மண் ஈரம் காயாத கை.

"நீ காட்டுனது நல்லதுதான். எது நடந்துச்சோ அது தெரியோணும்."

அம்மாவிடம் சொன்னது அவர்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன், விளக்குப் போட்ட நேரத்தில், படத்தை அவள் முன்னால் வைத்து, மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தார். அம்மா கண்ணம்மாள், தன் தம்பி இறந்த இடத்தை அதுவரை பார்த்ததில்லை. அந்த ரோட்டு வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறக்கூட மாட்டாள். படத்தைக் கையில் எடுக்காமல், குனிந்து பார்த்தாள்.

"தக்காளி எப்படிக் கெடக்கு பாரு," என்றாள். கணவரை நிமிர்ந்து பார்த்தபோது முகம் கோபமாகத்தான் இருந்தது.

"இருவத்தோரு வருசமா உங்கள மன்னிச்சு மன்னிச்சுச் சோறு போட்டேனுங்க. தெனமும். காலையில எந்திரிச்சா அதான் எனக்கு மொத வேல. இப்ப மன்னிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லைங்கறீங்க. அத்தனையும் நான் என்ன பண்றது?"

மலைச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். கண்ணம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பாத்திரங்களின் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டது. பிறகு குறைந்தது. திரும்பி வந்து, வாசற்படியில் நின்றபடி சொன்னாள்:

"ஞாயித்துக்கிழம எங்கண்ணன் ஊட்டுக்குப் போகோணும். மூணு பேரும்."

"உள்ள உடலீன்னா?" என்றார் மலைச்சாமி.

"உடலீன்னா வாசல்ல நின்னு காட்டிப்போட்டு வருவோம்."

அந்த வாரம் ஜீவிதா கேமராவில் நல்ல ஃபிலிம் மாட்டினாள். தேதியை அணைத்துவைத்தாள். அம்மா வெங்காயம் உரிப்பதை ஒன்று, அப்பா தோப்பில் இருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதை ஒன்று எடுத்தாள். எடுக்கும் முன் ஒவ்வொரு தரமும் கண்ணை ஒட்டவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். முன்பு அந்தக் கண்ணாடிக்குள் என்னவெல்லாம் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு வந்தது. வந்தாலும் பொத்தானை அழுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை தொப்பம்பட்டி பஸ்ஸில் போய் இறங்கி, கிளை ரோட்டில் அரை மைல் நடந்தார்கள். மலைச்சாமி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நடை பின்தங்கிப் பின்தங்கி வந்தது. நாச்சிமுத்து வீட்டு வாசலில் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். மூவரையும் பார்த்ததும் கையில் இருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

கண்ணம்மாள் நேரே போய்ப் படத்தை நீட்டினாள். "அண்ணா, இதப் பாருங்க. பாத்துட்டு என்ன சொன்னாலும் கேட்டுக்கறோம்."

அவர் வாங்கிப் பார்த்தார். அவருக்கு விளங்கவில்லை. ஜீவிதா பக்கத்தில் போய்க் கோடுகளைக் காட்டி விளக்கினாள். எந்தச் சக்கரம், எந்தப் பக்கம், தூங்கினால் ஏன் இந்தத் தடம் விழாது என்று. அவர் அவளைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில், மரத்தடியில், லாரியின் இடதுபக்கக் கதவு கொஞ்சம் தெரிந்தது. அதிலேயே அவர் கண் நின்றுவிட்டது.

"தெரியாதுங்க மச்சான்," என்றார் மலைச்சாமி தெருவில் நின்றபடியே. "எனக்கே தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். ஆனா ஒண்ணு, கூட்டிட்டுப் போனது நாந்தான். அதுல மாத்தமில்ல."

நாச்சிமுத்து படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. உள்ளே எடுத்துப் போனார். நாலைந்து நிமிஷம் ஆளைக் காணோம். மூவரும் வெயிலில் நின்றார்கள். பிறகு அவருடைய மனைவி வெளியே வந்து, கண்ணம்மாளின் கையைப் பிடித்து, "உள்ள வாங்க. எல்லாருந்தான்," என்றாள்.

சாப்பாடு போட்டார்கள். இரண்டு ஆண்களுக்கும் பக்கத்தில் பக்கத்தில்தான் இலை விழுந்தது, வேறு இடம் இல்லை. பழனிக்குமாரைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. மலைச்சாமி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போனது கொஞ்சம்தான். ரசம் ஊற்றும் சமயத்தில் நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். இலையைப் பார்த்தபடியே கேட்டார்:

"உங்க தோப்புல இந்த வருசம் காய்ப்பு எப்படிங்க மாப்ள? இங்க பூராம் வெள்ள ஈ புடிச்சுக் கெடக்கு."

மலைச்சாமி பிசைவதை நிறுத்தினார். "அங்கயும் இருக்குதுங்க," என்றார். "தண்ணிய வேகமா அடிச்சுக் கழுவுனா கொஞ்சம் மட்டுப்படுது. வேணும்னா ஒரு நா வந்து பாக்கறேன்."

"வாங்க," என்றார் நாச்சிமுத்து.